மர்ஃபிகள் எல்லாரும் ஒரே குடும்பமா?

மர்ஃபி என்றால் ஐம்பது வயதைத் தாண்டிய நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரேடியோதான். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, எதையோ கூர்ந்து கேட்பது போலப் பார்க்கும் அந்தக் குழந்தையின் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தாத்தா வீட்டில் அந்தப் பெட்டிக்கு ரேடியோ என்றே பெயர் கிடையாது. "மர்ஃபியைப் போடு, நியூஸ் கேட்கலாம்" என்றுதான் சொல்வார்கள். மர்ஃபி என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பெனியை 1929-ல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருவர் சேர்ந்து தொடங்கினார்கள். அதில் ஒருவர் ஃபிராங்க் மர்ஃபி என்ற இன்ஜினியர். அவர் ஆங்கிலேயர், ஆனால் பெயர் அயர்லாந்துப் பெயர். பின்னாளில் மும்பையை ஒட்டிய தானேயில் அந்தப் பெயரில் தொழிற்சாலை வந்து, நம் கூடம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அயர்லாந்தில் மிக அதிகமானோருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். நூற்றாண்டுக்கும் மேலாக முதலிடம் அதனுடையது. அப்படியானால் இத்தனை மர்ஃபிகளும் ஒரு மூதாதையின் வழி வந்தவர்களா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அயர்லாந்தின் ஆயிரம் ஆண்டு வரலாறு பின்னாலேயே வருகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். பழைய ஐரிஷ் மொழியில் 'முர்கத்' என்று ஓர் ஆண்பெயர் உண்டு. 'முயிர்' என்றால் கடல், 'கத்' என்றால் போர். கடற்போர் வீரன் என்று பொருள் சொல்லலாம். அந்தக் காலத்தில் இது தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். 1014-ல் டப்ளினுக்குப் பக்கத்தில் குளோன்டார்ஃப் போரில் மன்னர் பிரையன் போரு இறந்தார். அதே நாளில் அவரோடு இறந்த மகனின் பெயரும் முர்கத்தான். ஊர் ஊராக, குலம் குலமாக முர்கத்துகள் இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பரம்பரையாக வரும் குடும்பப் பெயர்கள் அயர்லாந்தில் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வேர்விட்டன. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று இது. முறை எளிமையானது. 'மக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், அல்லது வழித்தோன்றல். முர்கத் என்று பெயர்பெற்ற ஒருவரின் பேரப்பிள்ளைகள் 'ஓ முர்கதா' ஆனார்கள். சில இடங்களில் 'மக் முர்கதா' ஆனார்கள். பேரனோடு நிற்க வேண்டிய அந்த அடைமொழி, கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று தொடர்ந்து குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்றைய ஐரிஷ் எழுத்துமுறையில் அதை 'ஓ முரகூ' என்பது போலச் சொல்கிறார்கள்.

இங்கே ஓர் அழகு உண்டு. ஐரிஷ் மொழி பேசும் ஒரு வீட்டில் தம்பி 'ஓ முரகூ'. அக்கா 'நீ வுரகூ'. அம்மா 'ஈ வுரகூ'. மூன்றும் ஒரே குடும்பப் பெயர்தான். 'நீ' என்றால் இன்னாரின் வழிவந்த மகள். 'ஈ' என்றால் இன்னார் வீட்டு மருமகள். பெண்ணுக்கு வரும்போது 'ம' ஒலி மென்மையாகி 'வ' ஆகிவிடும். பள்ளி வருகைப் பதிவேட்டில் அக்கா பெயரையும் தம்பி பெயரையும் பார்த்தால் வெளியூர்க்காரருக்கு இருவரும் ஒரே வீடு என்றே தோன்றாது. ஆங்கிலத்துக்கு மாறியதும் மூன்று பேரும் மர்ஃபி ஆகிவிடுகிறார்கள். யார் பிறந்த வீட்டுப் பெண், யார் புகுந்த வீட்டுப் பெண் என்று பெயரே சொல்லிக்கொண்டிருந்த செய்தி அங்கே தொலைந்துபோகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

சரி, முர்கதா எப்படி மர்ஃபி ஆனது? நடுவில் வரும், தொண்டையில் பிறக்கும் அந்தக் ககர ஒலி ஆங்கிலேய எழுத்தர்களின் காதில் பிடிபடவில்லை. ஒருவர் அதை விட்டுவிட்டு எழுதினார், இன்னொருவர் 'ஃப்' என்று எழுதினார். மர்ஃபி, மார்ஃபி, மக்மரோ எல்லாம் இப்படி வந்தவை. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு மார்ஃபி என்றதும் காது நிமிரும். ஆம், ரூய் லோபஸ் ஆட்டத்தில் 'மார்ஃபி தடுப்பு' என்று சொல்கிறோமே, அந்தப் பால் மார்ஃபிதான். நியூ ஆர்லியன்ஸில் 1837-ல் பிறந்த அவருடைய முன்னோர் 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து ஸ்பெயினுக்குப் போன மர்ஃபி குடும்பத்தினர். போன இடத்தில் ஓர் எழுத்து மாறிப்போனது.

ஆங்கிலேய ஆட்சி பெயர்களின் மேல் கைவைத்தது புதிதல்ல. டப்ளினைச் சுற்றித் தங்கள் பிடியில் இருந்த மாவட்டங்களின் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1465-லேயே சட்டம் போட்டார்கள். ஓர் ஊரின் பெயரையோ, வெள்ளை, பழுப்பு போன்ற நிறத்தையோ, கொல்லர், தச்சர் போன்ற தொழிலையோ வைத்துக்கொள்ளலாம் என்று பட்டியலும் கொடுத்தார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நிலம் பறிபோய், கத்தோலிக்கர்கள் மேல் சட்டங்கள் இறுகியபோது, 'ஓ'வும் 'மக்'கும் பல குடும்பங்களிலிருந்து உதிர்ந்தன. பிறகு 1893-ல் ஐரிஷ் மொழியை மீட்டெடுக்க 'கேலிக் லீக்' என்ற இயக்கம் தொடங்கி, மொழிப் பற்று பரவிய காலத்தில் பலர் உதிர்ந்ததை மீண்டும் ஒட்டவைத்துக்கொண்டார்கள். சல்லிவன் மறுபடி ஓ'சல்லிவன் ஆனார், கானர் ஓ'கானர் ஆனார். மர்ஃபிகளோ ஒட்டவைத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓ'மர்ஃபி என்று இன்று யாரையும் பார்ப்பது அபூர்வம். 'ஃபி' என்று முடியும் வடிவம் மூலப் பெயரிலிருந்து அவ்வளவு விலகிப் போய்விட்டது, அதன் முன்னால் 'ஓ' சேர்க்க நாக்கு வரவில்லை என்பது என் ஊகம்.

இனி இடங்களுக்கு வருவோம். மர்ஃபிகளின் தாய்மண் என்று சொல்லத்தக்க இடங்களில் முதலில் நிற்பது தென்கிழக்கு மூலையில் இருக்கும் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டம். லென்ஸ்டர் நாட்டை ஆண்ட கின்ஷலக் வம்சத்தின் மண் அது. அதன் ஒரு கிளையே இந்தப் பக்கத்து மர்ஃபிகள். அந்த வம்சத்திலேயே வந்தவர்தான் அயர்லாந்து வரலாற்றில் மிக அதிகமாகத் திட்டு வாங்கிய மனிதர், ஃபெர்ன்ஸ் ஊரிலிருந்து ஆண்ட டியர்மட் மக் முர்கதா. 1166-ல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அவர், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் போய் உதவி கேட்டார். 1169-ல் அந்த மன்னரின் குடிகளான நார்மன் வீரர்கள் வெக்ஸ்ஃபோர்டின் பானோ விரிகுடாவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஸ்ட்ராங்போ என்ற பிரபுவுக்குத் தன் மகள் ஈஃபாவைக் கட்டிக்கொடுத்தார் டியர்மட். 1171-ல் அவர் இறந்துபோனார். வந்தவர்கள் போகவில்லை.

அவருடைய பிள்ளைகள் வழியிலும் பெயர்கள் கிளைத்தன. டோனல் என்ற மகனின் வழியினர் கேவனா ஆனார்கள். ஏனா என்பவரின் வழியினர் கின்செல்லா ஆனார்கள். இன்று வெக்ஸ்ஃபோர்டு, கார்லோ பக்கம் போய்க் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் மர்ஃபி, கேவனா, கின்செல்லா என்று மாறி மாறி வரும். எல்லாம் ஒரே மரத்தின் கொப்புகள்.

வெக்ஸ்ஃபோர்டு மர்ஃபிகளின் தலைமைக் குடும்பத்துக்கு 'ஓ மொர்ஹோ' என்ற பழைய வடிவமே நிலைத்தது. மாவட்டத்தின் கிழக்கே பாலகீன் பகுதி அவர்களுடையது. குலத்தார் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1461-ல் முர்டா என்ற தலைவர் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்ற உரிமை வாங்கிக்கொண்டார். அதனால் சொத்து அவருடைய நேர்வாரிசுகளுக்கே போகும்படி ஆயிற்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலான நிலம் பறிபோனது. ஊலார்ட்லி என்ற இடத்தில் இருந்த கிளை மட்டும் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அந்த வழியில் வந்த தலைவர் ஒருவர் அண்மைக்காலம் வரைக்கும் 'தி ஓ மொர்ஹோ' என்ற பட்டத்தோடு வாழ்ந்தார். பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்தவர் அவர்.

அதே வெக்ஸ்ஃபோர்டில்தான் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து 1798 புரட்சி பற்றி எரிந்தது. பூலவோக் என்ற சிற்றூரின் பாதிரியார் ஜான் மர்ஃபி. முதலில் தன் மக்களிடம் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு அமைதியாக இருங்கள் என்று சொன்னவர் அவர். கூரைகள் எரிய ஆரம்பித்ததும் அவரே முன்னால் நின்றார். மே 27-ல் ஊலார்ட் குன்றில், ஈட்டியேந்திய குடியானவர்கள் அரசின் வடக்கு கார்க் படைப்பிரிவை வீழ்த்தினார்கள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜூன் 21-ல் வினிகர் குன்றில் தோல்வி. ஜூலை தொடக்கத்தில் டல்லோ ஊர்ச் சந்தைத் திடலில் பாதிரியார் ஜான் மர்ஃபியைக் கொன்றார்கள். மைக்கேல் மர்ஃபி என்ற இன்னொரு பாதிரியாரும் அந்தப் புரட்சியில், ஆர்க்லோ சண்டையில் இறந்தார். வெக்ஸ்ஃபோர்டில் மர்ஃபி என்ற பெயருக்கு இன்றும் ஒரு தனி மரியாதை இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஆனால் எண்ணிக்கையில் கார்க் மாவட்டத்தை யாரும் மிஞ்ச முடியாது. மஸ்கெரி பகுதியில் தொடங்கி மாவட்டம் முழுக்க மர்ஃபிகள்தான். 1856-ல் கார்க் நகரில் தொடங்கிய மர்ஃபி பீர் ஆலையின் பெயர் உலகமெங்கும் போயிருக்கிறது. 2024-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய கிலியன் மர்ஃபியும் கார்க்காரர்தான். ஒரே ஊரில் ஐந்து சீன் மர்ஃபிகள் இருந்தால் என்ன செய்வது? அப்பா பெயர், தாத்தா பெயரைப் பின்னால் கோத்துச் சொல்வார்கள். இல்லாவிட்டால் செம்பட்டை முடிக்காரர் வீடு, வெளுத்த முடிக்காரர் வீடு, கறுத்த முடிக்காரர் வீடு என்று ருவா, பான், டூ என்ற ஐரிஷ் அடைமொழிகளைச் சேர்ப்பார்கள். தாத்தாவின் முடி நிறம் பேரனின் தலையில் இருக்காது, ஆனால் வீட்டுப் பெயராக நின்றுவிடும்.

வடக்கே டைரோன் பக்கம் இன்னொரு கூட்டம். அவர்கள் 'மக் முர்கதா'. பிற்பாடு ஆர்மா மாவட்டத்துக்குத் தள்ளப்பட்டார்கள். வெக்ஸ்ஃபோர்டுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்தர் பேனாவில் இருவரும் மர்ஃபி ஆனார்கள், அவ்வளவுதான்.

எத்தனை பேர் என்ற கணக்கை முதன்முதலாக முறையாகப் போட்டவர் பின்னாளில் அயர்லாந்துப் பதிவுத்துறைத் தலைவரான ராபர்ட் மேத்சன். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவேடுகளை எடுத்துப் பெயர் பெயராக எண்ணினார். மர்ஃபி வீடுகளில் அந்த ஆண்டு 1,386 குழந்தைகள் பிறந்திருந்தன. ஒரு பிறப்புக்கு ஏறத்தாழ 45 பேர் என்ற அன்றைய விகிதத்தை வைத்துப் பார்த்தால், நாட்டில் சுமார் 62,600 மர்ஃபிகள். அன்றைய மக்கள்தொகை 47 லட்சம். 75 பேருக்கு ஒருவர் மர்ஃபி! இரண்டாவதாக வந்த கெல்லிகள் 55,900. மூன்றாவது சல்லிவன், 43,600. முதல் இரண்டு இடங்களும் இன்றுவரை அசையவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தந்தையிடமிருந்து மகனுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே பாதையில் வருகின்றன. ஒன்று குடும்பப் பெயர், மற்றொன்று ஒய் குரோமோசோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயருக்குப் பின்னால் ஒரே மூதாதையா, பலரா என்று தெரிந்துவிடும் அல்லவா? டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். 43 குடும்பப் பெயர்கள், 1,125 ஆண்கள். ஒரே குடும்பப் பெயருள்ள இருவருக்கு ஒரே ஒய் குரோமோசோம் அமைப்பு இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சராசரியாக 30 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பெயர் பொய் சொல்லவில்லை. ஓ'சல்லிவன், ரயன் போன்ற பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே மூதாதை இருந்தார். மர்ஃபிக்கும் கெல்லிக்கும் அப்படி இல்லை. அவற்றுக்குப் பல மூதாதைகள்.

தெருவுக்கு நாலு முர்கத் என்று சொன்னேன் அல்லவா, காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் ஊர் முர்கத்துக்கும் பேரன்கள் பிறந்தார்கள், தனித்தனியாக அவர்கள் 'ஓ முர்கதா' ஆனார்கள். மர்ஃபி முதலிடத்துக்கு வந்தது ஒரு குடும்பம் செழித்துப் பெருகியதால் அல்ல. ஒருவரையொருவர் அறியாத பல குடும்பங்கள் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்ததால். தனக்கும் வெக்ஸ்ஃபோர்டு அரச வம்சத்துக்கும் உறவு என்று நம்பி, குலச்சின்னம் வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அமெரிக்க மர்ஃபிகள் ஏராளம். அவர்கள் ஆசையில் தப்பில்லை. ஆனால் பெயர் மட்டும் அதற்குச் சான்று ஆகாது.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டைவிட்டுப் போனார்கள். கார்க் துறைமுகமான கோவ் வழியாக மட்டும் 1848-க்கும் 1950-க்கும் இடையே 25 லட்சம் பேர் கப்பலேறினார்கள். மர்ஃபிகள் மண்டிக்கிடந்த மாவட்டத்தின் வாசலே உலகத்தின் மிகப் பெரிய வெளியேறும் வாசல்களில் ஒன்றானது. 1851-ல் லிவர்பூலில் வாழ்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். உருளைக்கிழங்குக்கே ஆங்கிலக் கொச்சையில் 'மர்ஃபி' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். கிழங்கு இல்லாமல் செத்தவர்களை நினைத்தால் அந்தக் கேலி நெஞ்சில் குத்துகிறது.

பஞ்சத்துக்கு முன்பே கிளம்பியவர்களும் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மர்ஃபிகள் நிறையப் பேர். மீன்பிடித் தொழிலுக்காக 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அயர்லாந்தின் தென்கிழக்கு மாவட்டங்களிலிருந்து போனவர்களின் வழியினர் அவர்கள்.

அமெரிக்காவில் மர்ஃபிகள் மூன்று லட்சத்துக்கும் மேல். தாய்நாட்டில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு. அவர்களில் ஒரு குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மார்ட்டின் மர்ஃபி என்ற வெக்ஸ்ஃபோர்டு விவசாயி 1820-ல் கனடாவின் கியூபெக்குக்குப் போனார். அங்கிருந்து அமெரிக்காவின் மிசூரிக்கு. அங்கே மலேரியாவில் மனைவியைப் பறிகொடுத்தார். 1844-ல் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, ஐம்பது பேர் கொண்ட வண்டிக் கூட்டமாகக் கலிஃபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார். சியெரா நெவாடா மலையைச் சக்கர வண்டியோடு தாண்டிய முதல் கூட்டம் அதுதான். பனி விழ ஆரம்பித்துவிட்டது. எதிரே சுவர் போல ஒரு பாறை. மாடுகள் ஒவ்வொன்றாக நுழையும் அளவுக்கு அதில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்தார்கள். மாடுகளை மேலே ஏற்றி, அங்கிருந்து சங்கிலி இறக்கி, காலி வண்டிகளை மேலிருந்து மாடுகள் இழுக்க, கீழிருந்து மனிதர்கள் தள்ளினார்கள். யூபா ஆற்றங்கரையில் ஒரு பேத்தி பிறந்தாள். அவளுக்கு எலிசபெத் யூபா மர்ஃபி என்று பெயர் வைத்தார்கள். வழியில் ஒருவர்கூடச் சாகவில்லை. இரண்டே ஆண்டு கழித்து அதே கணவாயில் டானர் கூட்டம் என்ற இன்னொரு வண்டிக் கூட்டம் பனியில் சிக்கிப் பாதிக்குப் பாதி மாண்டதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

மூத்த மகனுக்கும் மார்ட்டின் என்றே பெயர். அவர் 1850-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பெரிய பண்ணை நிலம் வாங்கிக் கோதுமை போட்டார். மரவீட்டை அமெரிக்காவின் மறுகோடியில் மெயின் மாநிலத்தில் அறுத்து, கப்பலில் ஏற்றி, தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கொண்டுவந்து பொருத்தினார். ரயில் வந்தபோது அங்கே 'மர்ஃபி ஸ்டேஷன்' அமைந்தது. அந்த நிலத்தில் எழுந்த ஊர்தான் இன்றைய சன்னிவேல். நம்மவர்கள் எத்தனை பேர் அங்கே குடியிருக்கிறார்கள்! சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் சாப்பிடப் போகும் மர்ஃபி அவென்யூ இந்தக் குடும்பத்தின் பெயர்தான். பழைய வீட்டை 1961-ல் இடித்துவிட்டார்கள். அதே சாயலில் கட்டிய வீடு 2008 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வரலாம்.

அயர்லாந்து ரத்தமே இல்லாமலும் இந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. கென்டக்கியில் 1861-ல் பிறந்த ஐசக் பர்ன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் குதிரைப் பந்தயத்துக்கு வந்தபோது, தன் தாய்வழித் தாத்தா கிரீன் மர்ஃபியின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஐசக் மர்ஃபி கென்டக்கி டெர்பியை 1884, 1890, 1891 என்று மூன்று முறை வென்றார். அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்கள் பலருக்கு முன்னாள் எஜமானர்களின் பெயர் வந்து ஒட்டியது. வேறு சிலர் தாங்களே பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐசக் எடுத்துக்கொண்டது எந்த எஜமானனின் பெயரும் அல்ல, தன் தாத்தாவின் பெயர்.

தன் மர்ஃபி எந்த மர்ஃபி என்று தேடுகிறவருக்குப் பெயர் பாதி வழிதான் காட்டும். 1922 ஜூனில் டப்ளின் ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்து, 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகள் கிட்டத்தட்ட முழுவதும் சாம்பலாயின. முழுமையாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகள். அதற்கு முன்னால் போக, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த கிரிஃபித் நிலவரிப் பதிவேடும், தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளும் உண்டு. அவற்றில் தேட ஊர்ப்பெயர் வேண்டும். மாவட்டப் பெயர் போதாது, 'டவுன்லேண்ட்' என்று அவர்கள் சொல்லும் குக்கிராமத்தின் பெயரே வேண்டும். அயர்லாந்தில் அப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கார்க் மாவட்டத்து மர்ஃபி என்று மட்டும் தெரிந்தால் கடலில் ஊசி தேடுவதுதான். அதனால் தேடுகிறவர்கள் முதலில் போவது பாஸ்டன், நியூயார்க் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் கல்லறைகளுக்கு. பெயர், இறந்த தேதி, அதற்கும் கீழே, பாசி படிந்த கடைசி வரியில், கல்தச்சர் செதுக்கியிருப்பார்: கார்க் மாவட்டம், இன்ன பங்கு, இன்ன ஊரில் பிறந்தவர்.